ஜீவனஹள்ளிப் பகுதியில் தவக்காலமும் பாஸ்கும்: தமிழ்க் கிறித்தவ விழாச் சொற்களின் வழக்கும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

பெங்களூரு மாநகரின் கிழக்கே, காக்ஸ் டவுனை அடுத்து அமைந்துள்ளது ஜீவனஹள்ளி. ஆங்கிலேயர் 1809ஆம் ஆண்டில் நிறுவியதும் உள்ளூரார் 'தண்டு' என வழங்கியதுமான படைவீட்டுப் பகுதியோடு ஒட்டி வளர்ந்த ஊர்களுள் இதுவும் ஒன்று. படைப் பணியையும் வணிகத்தையும் கூலி வேலையையும் நாடித் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தோர் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தங்கினர். 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பில் இருந்த தண்டுப் பகுதி, 1949இல் பழைய நகரத்தோடு ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டது. ஆட்சி எல்லை அழிந்தபோதும் மொழி வழக்கின் எல்லை அழியவில்லை.

ஊர்ப்பெயரே இருமொழி உறவுக்குச் சான்றாக நிற்கிறது. பழைய பகரம் பிற்காலக் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்தது. தமிழில் பால், பல், புலி எனவருவன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி என வரும். அவ்வாறே தமிழின் 'பள்ளி' கன்னடத்தில் 'ஹள்ளி' ஆயிற்று. இன்றைய சிவாஜிநகரின் பழைய பெயரான பிளாக்பள்ளியில் பகரம் நிலைத்தது. ஜீவனஹள்ளியில் ஹகரம் நிலைத்தது. இத்தகைய மொழிச் சூழலில் வாழும் தமிழ்க் கிறித்தவர், தவக்காலம் முதல் பெந்தெகொஸ்தே வரையிலான விழாக்களைக் குறிக்க வழங்கும் சொற்களை இக்கட்டுரை விளக்குகிறது. அவற்றை மொழிபெயர்க்குங்கால் எழும் சிக்கல்களும் இதன்கண் ஆராயப்படுகின்றன.

2. காலமும் பெயரும்

உயிர்ப்பு விழாவின் நாள் ஆண்டுதோறும் மாறுவது. மார்ச்சு 21ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே அவ்விழா. ஆகவே அது மார்ச்சு 22க்கும் ஏப்பிரல் 25க்கும் இடையே, தமிழ்க் கணக்கில் பங்குனி இரண்டாம் வாரத்திற்கும் சித்திரை இரண்டாம் வாரத்திற்கும் இடையே அமையும். அதற்கு நாற்பத்தாறு நாள் முன்னர்த் தவக்காலம் தொடங்கும்; ஞாயிறுகளை நீக்கினால் எஞ்சுவன நாற்பது நாள். விழா நாளையும் சேர்த்து எண்ண, ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தே ஆகும். கிரேக்கத்தில் அச்சொல்லின் பொருளும் 'ஐம்பதாவது' என்பதே.

ஐரோப்பாவில் இவை வேனில் விழாக்கள். ஆங்கிலத்தின் 'லெந்து' என்னும் சொல், பகல் நீளும் பருவத்தைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது. தமிழிலோ அக்காலத்துக்குப் பருவம் பற்றிய பெயர் வழங்கவில்லை. தமிழர் பகுப்பின்படி மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையில்தான் இளவேனில் பிறக்கிறது. எனவே விழா இரு பருவங்களின் எல்லையில் நிற்கிறது. கத்தோலிக்கர் வழங்கும் 'தபசுகாலம்', 'தவக்காலம்' ஆகியன செயல் பற்றி எழுந்த பெயர்கள். சீர்திருத்தத் திருச்சபையினர் 'லெந்து நாட்கள்' என ஒலிபெயர்த்துக் கொண்டனர். முன்னையதில் பருவப்பொருள் விலக்கப்பட்டது. பின்னையதில் அது கேட்போர் அறியாதபடி சொல்லுக்குள் மறைந்து கிடக்கிறது.

3. சாம்பலும் குருத்தும்

தவக்காலத்தின் முதல் நாளில் நெற்றியில் சாம்பல் பூசப்படுகிறது. பழைய கத்தோலிக்க வழக்கில் இந்நாள் 'விபூதிப் புதன்'. இன்று 'திருநீற்றுப் புதன்'. சீர்திருத்தத் திருச்சபையினர் 'சாம்பல் புதன்' என்பர். மூன்று பெயர்களும் ஒரே பொருளைச் சுட்டினும் ஒரே மனநிலையைச் சுட்டுவன அல்ல. விபூதி, திருநீறு என்பன சைவ மரபோடு பிணைந்த சொற்கள். அவற்றை ஏற்றோர், தமிழர் முன்னமே அறிந்த நெற்றிக்குறியின் சிறப்பைப் புதிய சடங்குக்கு ஏற்றினர். 'சாம்பல்' என்றோர், அத்தொடர்பை விலக்கி மனிதரின் நிலையாமையை மட்டும் முன்னிறுத்தினர். சொற்றேர்வு இங்குச் சமயக் கொள்கையின் வெளிப்பாடாகவே அமைகிறது.

இச்சாம்பல் முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்துப் பெறப்படுவது. விவிலிய நிலத்தின் மரம் பேரீச்சை. தமிழில் 'குருத்து' என்னும் சொல், மரத்தின் வகையை விடுத்து ஓலையின் இளமையை முதன்மைப்படுத்துகிறது. தென்னங்குருத்தோ பனங்குருத்தோ கைக்கு வர, தோரணம் கட்டும் மரபறிந்த விரல்கள் அதைச் சிலுவையாக மடிக்கின்றன. கன்னடத்தில் இந்நாள் 'கரிகள பானுவார' எனப்படும். எடுப்பொலியோடு தொடங்கும் அக்கன்னடச் சொல்லுக்கு ஓலை என்று பொருள். தமிழெழுத்தில் அது 'கரி' எனத் தோன்றுவதால் தமிழ் வாசகர் அடுப்புக் கரி எனக் கொள்ள இடமுண்டு. இருமொழி அறிவிப்புகளை ஒலிபெயர்ப்போர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

4. பெரிய வாரம்

பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பெரிய சனி என்னும் பெயர்கள் ஒரே அடைகொண்டு ஒரு தொகுதியாக அமைந்தவை. கிரேக்கத் திருச்சபையும் அவ்வெள்ளியைப் 'பெரிய வெள்ளி' என்றே அழைக்கிறது. ஆங்கிலம் அதனை 'நல்ல' வெள்ளி என்கிறது. அவ்வடை அங்குப் 'புனிதம்' என்னும் பழம்பொருளில் வந்தது. கன்னடத்தின் 'சுப சுக்ரவார' அந்த ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு. மலையாளம் 'துக்கவெள்ளி' என்கிறது. புலம்பலைக் குறிக்கும் செருமானியப் பெயரும் அதனோடு ஒத்தது. இன்று தமிழக அரசு விடுமுறைப் பட்டியலில் காணப்படும் பெயர் 'புனித வெள்ளி'. ஒரே நாளைப் பெருமை, நன்மை, துயரம், புனிதம் என நால்வகையாக மொழிகள் நோக்குகின்றன. துக்கவெள்ளியைச் சுப வெள்ளியாகப் பெயர்த்தால் நாள் மாறாது. ஆயினும் பேசுவோரின் உணர்வு தலைகீழாகும்.

அந்நாளின் வழிபாட்டிலும் சொல் பிரிகிறது. கத்தோலிக்கர் பதினான்கு நிலைகளைக் கொண்ட சிலுவைப்பாதையை நடத்துவர். சிலுவையை முத்தி செய்வர். தென்னிந்தியத் திருச்சபையார் நண்பகல் முதல் மூன்று மணி வரை 'மும்மணி ஆராதனை' நடத்தி, சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளைத் தியானிப்பர். பின்னதன் வரலாறு விந்தையானது. இவ்வடிவம் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டு இலிமா நகரில் ஓர் இயேசு சபைக் குருவால் தோற்றுவிக்கப்பட்டது. கத்தோலிக்கத்தில் பிறந்தது, தமிழ்ச் சூழலில் சீர்திருத்தத் திருச்சபையாரின் அடையாளமாயிற்று.

உணவிலும் இவ்விருமை உண்டு. பல ஆலயங்களில் வழிபாட்டின்பின் கஞ்சி வழங்கப்படுகிறது. அருகிலுள்ள ஃப்ரேசர் டவுன் அடுமனைகளில் சிலுவைக் குறியிட்ட ரொட்டி விற்பனையாகிறது. அதனைத் தண்டுத் தமிழர் 'ஹாட் கிராஸ் பன்' என்றே கேட்டு வாங்குவர். பொருளோடு வந்த பெயரைப் பொருளோடு விட்டுவைப்பதே இங்குப் பொருத்தம்.

5. பாஸ்கு, பஸ்கா, உயிர்ப்பு

எபிரேயத்தின் 'பெசாக்' கிரேக்கத்திலும் இலத்தீனிலும் 'பாஸ்கா' ஆகி, போர்த்துக்கீசியத்தின் வழியே தமிழ்க் கத்தோலிக்கரிடம் 'பாஸ்கு' என வந்தது. சீர்திருத்தத் திருச்சபையாரின் விவிலியத்தில் யூதர் விழா 'பஸ்கா' எனப்பட்டது. இரு திருச்சபைகளின் கூட்டு முயற்சியால் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய 'திருவிவிலியம்' 'பாஸ்கா' என்று கொண்டது. ஒரெழுத்து வேறுபாடாகத் தோன்றுவது உண்மையில் மூன்று வரலாறுகளின் தடம். மேலும் 'பாஸ்கு' என்பது திருப்பாடுகளின் நாடகத்தையும் குறிக்கும். 'பாஸ்கு பார்க்கப் போனார்கள்' என்னும் தொடரை 'ஈஸ்டர் வழிபாட்டுக்குச் சென்றனர்' எனப் பெயர்ப்பது பிழையாகும்.

உயிர்த்தெழுதலைக் குறிக்கப் பழைய கத்தோலிக்கச் செபங்களில் 'உத்தானம்' என்னும் வடசொல் வழங்கியது. இன்று அதனிடத்தில் 'உயிர்ப்பு' நிற்கிறது. 1871ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'நித்திய ஜீவன்' என்றதை 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'நிலைவாழ்வு' என்கிறது. கடவுட் பெயரிலும் இவ்வரிசை காணத்தக்கது: 1578இல் தமிழெழுத்தில் அச்சான நூலில் தம்பிரான், பின்னர்ச் சர்வேசுரன், பப்பிரிசியசிடம் பராபரன், ஐக்கிய மொழிபெயர்ப்பில் தேவன், 1995இல் கடவுள். பெந்தெகொஸ்தே நாளில் போற்றப்படும் ஆவியாரும், போர்த்துக்கீசிய ஒலிபெயர்ப்பாகிய 'இஸ்பிரீத்து சாந்து' என்பதிலிருந்து 'பரிசுத்த ஆவி', 'தூய ஆவி' எனப் பெயர் பெற்றார்.

6. காலவழு

வழிபாட்டு மாற்றங்களை அறியாத மொழிபெயர்ப்பில் காலவழு நேரும். கத்தோலிக்கரின் பெரிய சனிச் சடங்கு முன்னர்க் காலையிலேயே நடைபெற்றது. 1951இல் சோதனை முறையில் இரவுக்கு மாற்றப்பட்டு, 1956 முதல் உலகெங்கும் இரவு வழிபாடாக நிலைபெற்றது. ஆகவே 1940களில் நிகழும் கதையில் 'பெரிய சனி நள்ளிரவுப் பூசை' இடம்பெறல் பொருந்தாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 திசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கை விளக்கம் தாய்மொழிக்கு வழிவிட்டது. அதற்கு முன் பூசையின் மொழி இலத்தீன். மக்கள் தமிழில் தம் செபங்களைச் சொல்லினர். அக்கால மாந்தர் வாயில் 'திருப்பலி' என்னும் சொல்லை வைப்பதினும் 'பூசை' என்பதை வைத்தலே சாலும்.

7. பன்மொழிச் சூழலில் தமிழ்

வழிபாடு தாய்மொழிக்கு மாறியபோது, எந்தத் தாய்மொழி என்னும் வினா பெங்களூரில் எழுந்தது. கன்னடம், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு ஆலயத்தில் உரிய இடம் குறித்து 1980கள் முதல் கருத்து மோதல்கள் நிகழ்ந்துள்ளன. மாநில மொழிக்கு முதன்மை வேண்டும் என்னும் கோரிக்கையும், தலைமுறைகளாக வழிபட்ட மொழியை இழக்கலாகாது என்னும் கோரிக்கையும் எதிர்நின்றன. இரண்டும் நியாயத்தின் மேல் நிற்பவை; அதனாலேயே தீர்வு அரிதாயிற்று.

இதனினும் அமைதியாக நிகழ்வது எழுத்தின் இழப்பு. ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கல்வி பெறும் இளையோருள், தமிழ் பேசியும் தமிழெழுத்தை வாசிக்க அறியாதோர் உளர். அவர்க்குத் தமிழ் வழிபாடு செவிவழி மரபாகவே எஞ்சுகிறது. பாட்டி 'பாஸ்கு' என்பதை, தாய் 'உயிர்ப்புப் பெருவிழா' என்பார். பெயரர் 'ஈஸ்டர்' என்பார். ஒரே வீட்டில் மூன்று சொற்களும் புரிந்துகொள்ளப்படும் வரையில் இழப்பு நேர்வதில்லை. முதற்சொல்லைப் புரிந்துகொள்வார் இல்லாதபோது, பழைய செப நூல்களும் ஓலைக்கடிதங்களும் குடும்பத்தாருக்கே அயன்மொழி ஆகிவிடும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் மொழிபெயர்ப்பாளர்க்குச் சில நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, விழாச்சொல்லைக் காணுமிடத்து அதன் திருச்சபைப் பிரிவையும் காலத்தையும் முதற்கண் துணிதல் வேண்டும். இரண்டாவது, ஒத்த பொருளுடையன என்று அகராதி கூறும் சொற்களை ஒன்றற்கொன்று மாற்றாக வைத்தல் கூடாது. 'திருநீறு' கூறுவதைச் 'சாம்பல்' கூறுவதில்லை. மூன்றாவது, சீர்மை கருதிப் பழஞ்சொற்களைக் களைதலினும், கலைச்சொல் அகராதிகளில் அவற்றை வழக்குக் குறிப்போடு பதிவு செய்தலே தக்கது. அப்பதிவில் தமிழகத்துக்கு வெளியே வழங்கும் வடிவங்களும் இடம்பெறல் வேண்டும். பெந்தெகொஸ்தே நாளின் விவிலிய வாசகத்தில் பல நாட்டார் தத்தம் மொழியிலேயே செய்தியைக் கேட்கின்றனர். அவர்கள் மொழிகள் ஒன்றாக்கப்படவில்லை. ஜீவனஹள்ளி போன்ற ஊர்களின் மொழிநிலையை ஆராய்வோர்க்கும் அவ்வாசகம் நினைவிற்கொள்ளத் தக்கது.