நாற்பதைக் கடந்த பின் ஒரு பட்டம்

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஒரு தொழிலில் ஊன்றிய பிறகு அதை விட்டு வேறொன்றுக்கு மாற விரும்பி, அதற்கு வேண்டிய தகுதியைத் தேடிப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்புவோர் தமிழ்நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். கல்லூரிக்குப் போகாமல் தேர்வை மட்டும் எழுதித் தேறுவதைப் 'பிரைவேட்டாக எழுதுவது' என்று சொன்ன தலைமுறையில் எழுத்தர்களும் பள்ளி ஆசிரியர்களும் அவ்வழியில்தான் மேலேறினர். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த மு. வரதராசனார், உடல்நலக் குறைவால் அவ்வேலையை விட்டபின் தமிழ் பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் தேறி, 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னாளில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். வித்துவான் தேறியபோது அவருக்கு வயது 23தான் என்பதால் அவரை நடுவயது மாணவராகக் கொள்ள முடியாது. ஆனால் முதலில் படிப்பு, பிறகு வேலை, அதோடு படிப்புக்கு முற்றுப்புள்ளி என்ற வரிசை மாற்ற முடியாததன்று என்பதற்கு அவரே சான்று.

அந்தத் தனித்தேர்வு வழியை அகலப்படுத்தியது அஞ்சல்வழிக் கல்வி. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியதை 1971இல் மதுரையும் 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1981இல் சென்னைப் பல்கலைக்கழகமும் பின்பற்றின. இதன் அடுத்த கட்டமான திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது வயது, வருகைப்பதிவு, முந்தைய படிப்பு ஆகிய தடைகளைத் தளர்த்திச் சேர்க்கை தரும் நிறுவனம், பிரிட்டனில் 1969இல் உருவாகி, இந்திய அளவில் 1985இல் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமாகவும், இம்மாநிலத்தில் 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமாகவும் வடிவம் பெற்றது.

சென்னையின் ஈக்காட்டுத்தாங்கலில் இம்மாற்றத்துக்கான தேவையும் வாய்ப்பும் அருகருகே இருக்கின்றன. 1958இல் அமைந்த கிண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் லேத் பட்டறைகளும், அவற்றுக்குச் சற்றுத் தொலைவில் கண்ணாடிச் சுவர் எழுப்பிய மென்பொருள் வளாகங்களும் நிற்கின்றன. பட்டறையில் டிப்ளமோவோடு நின்றுவிட்டவரும், வளாகத்தில் நாற்பதைத் தாண்டியதும் ஆட்குறைப்புப் பட்டியலை எண்ணி அஞ்சுபவரும் 2015இல் திறந்த அதே மெட்ரோ நிலையத்தில்தான் ஏறி இறங்குகின்றனர். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே சைதாப்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யும் அதிகத் தொலைவில் இல்லை.

அந்த ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு, நடுவயதினருக்குத் திறந்த கதவுகளில் குறிப்பிடத்தக்கது. பிளஸ் டூ தேறிய எவரும் வயது வரம்பின்றி விண்ணப்பிக்கலாம், ஜே.இ.இ. தேர்வு கட்டாயமில்லை; நான்கு வாரப் பாடங்களைப் படித்து அவற்றின் மீதே ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். பாடங்கள் இணையத்தில் நடந்தாலும் தேர்வுகளை மையத்துக்கு நேரில் சென்றே எழுத வேண்டும் என்பதும், இடையில் நிறுத்த நேர்ந்தால் முடித்த கட்டத்துக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும் என்பதும் இதன் சிறப்பு. குடும்பப் பொறுப்பு எப்போது குறுக்கிடும் என்று சொல்ல முடியாத வயதில், பாதியில் நின்றாலும் கைக்கு ஏதோ ஒன்று வரும் என்ற உறுதி சிறியதன்று. இதே கருத்தைத்தான் 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த கல்விசார் மதிப்பலகு வங்கி நாடு முழுமைக்கும் விரிக்கிறது: ஒரு மாணவர் தேறிய பாடங்களுக்குரிய அலகுகள் அவர் பெயரில் சேமிக்கப்பட்டு, பிறகு படிப்பைத் தொடரும்போது எடுத்துக் கணக்கில் கொள்ளப்படுகின்றன.

ஆகவே சேர்வது எளிதாகிவிட்டது. பெற்ற பட்டம் செல்லுபடியாவதில்தான் சிக்கல். பள்ளி இறுதி வகுப்பையோ பிளஸ் டூவையோ முடிக்காமல் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பட்டம் பெற்ற பலர், பணி நியமனத்தின்போது கைவிடப்பட்டனர். அடிப்படைப் பட்டமின்றித் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 107ஆம் எண் அரசாணை, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் பெற்றிருந்தால் மட்டுமே திறந்தநிலைப் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்றது. பட்டத்தைத் தந்ததும் அரசு நிறுவனம், அதை ஏற்க மறுத்ததும் அரசு என்னும் இந்த முரணுக்கு விலை கொடுத்தவர்கள் மாணவர்களே. பிளஸ் டூவை விட்டவர் முதலில் அதைத் தனித்தேர்வராகவோ தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ முடித்துவிட்டுப் பட்டத்துக்குப் போவதே பாதுகாப்பானது.

அடுத்த தடை பழைய காகிதம். அடையாறு கரைபுரண்ட 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டைப் பகுதிகளில் வீட்டுப் பொருள்களோடு மதிப்பெண் பட்டியல்களும் மாற்றுச் சான்றிதழ்களும் போயின. அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் ஆவணங்களைக் கட்டணமின்றி வழங்கியது. அப்போது வாங்கத் தவறியவரும், வேறு வகையில் தொலைத்தவரும், தேடியும் கிடைக்கவில்லை என்ற காவல் துறைச் சான்று உள்ளிட்ட ஆவணங்களோடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பெண்களுக்கு இதன் மேல் இன்னொன்று: இன்ஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்தும், திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவரின் முதலெழுத்தும் இருப்பது இங்கு சர்வசாதாரணம். இருபது ஆண்டுகளாக யாரும் பொருட்படுத்தாத அந்த ஒற்றை எழுத்து, பல்கலைக்கழகத்தின் இணைய விண்ணப்பத்தில் இரண்டு பெயர்களும் ஒத்துப்போக வேண்டிய நாளில் பூதாகரமாகிவிடுகிறது. ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்த வேண்டும், அல்லது பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிட்டு அதன் நகலை ஒவ்வொரு முறையும் இணைக்க வேண்டும். இரண்டில் எதற்கும் வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், சேர்க்கை அறிவிப்பு வரும் முன்பே இவ்வேலையை முடித்துவிடுவது நல்லது.

படிப்பில் சேர வயது தடையாக இருந்த துறைகளில் அத்தடை ஒவ்வொன்றாக விலகி வருகிறது. மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு 30 வயது வரம்பை மீண்டும் நடைமுறைப்படுத்திய பார் கவுன்சிலின் அறிவிக்கைக்கு உச்ச நீதிமன்றம் 2017இல் இடைக்காலத் தடை விதித்தது. மருத்துவ நீட் தேர்வின் உச்ச வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டின்கீழ் கலந்தாய்வுக்கு அழைக்கப்பட்ட தர்மபுரி மாவட்டத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 61 வயதில் தாம் பெறும் இடம் ஓர் இளைஞருக்குப் போகட்டும் என்று மகன் சொன்னதை ஏற்று விலகிக்கொண்டார். பாராட்டத்தக்க பெருந்தன்மை, ஆயினும் அரசு இடங்கள் குறைவாக உள்ள படிப்புகளில் முதியவர் ஒருவர் சேர்வது நியாயமா என்ற கேள்விக்கு இது விடையாகிவிடாது.

படித்தபின் வேலை கிடைக்குமா என்பதில் துறைக்குத் துறை வேறுபாடு பெரிது. அரசுப் பள்ளி ஆசிரியர் நேரடி நியமனத்துக்கான வயது வரம்பை 2023இல் பொதுப் பிரிவினருக்கு 53 என்றும் பிறருக்கு 58 என்றும் தமிழ்நாடு அரசு உயர்த்தியதால், நாற்பதுகளில் பி.எட். முடிப்பவருக்கும் இங்கு வழியுண்டு. மாறாக, மனநல ஆலோசகராகும் எண்ணத்தில் இல்லத்தரசிகளும் அலுவலகப் பணியாளர்களும் விரும்பிச் சேர்ந்த தொலைநிலை உளவியல் படிப்புக்கு 2025இல் மானியக் குழு தடை விதித்தது; சுகாதாரம் சார்ந்த பிற படிப்புகளும் அந்தத் தடையில் அடங்கும். தனியார் துறையில் எழுதப்பட்ட வயது வரம்பு ஏதும் இல்லாததால், விண்ணப்பம் எதனால் ஒதுக்கப்பட்டது என்பது விண்ணப்பித்தவருக்குத் தெரிவதே இல்லை. இதனால், பழைய அனுபவத்தை அடியோடு துறந்து புதுத் துறைக்குத் தாவுவதைவிட, அந்த அனுபவத்தின் மேலேயே புதிய தகுதியைக் கட்டுவது பெரும்பாலோருக்குக் கைகொடுக்கும்: கணக்கர் வரிச் சட்டத்துக்கும், எந்திரப் பணியாளர் தரக் கட்டுப்பாட்டுக்கும் நகர்வது அத்தகையது.

செலவைப் பொறுத்தவரை, தமக்காகவே வாங்கும் கல்விக் கடனின் வட்டிக்கும் பழைய வருமான வரி முறையில் 80இ பிரிவின்கீழ் எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கு மட்டுமே அது பொருந்தும் என்று பலர் எண்ணுகின்றனர். பொறியியல், சட்டம், மருத்துவம் ஆகியவற்றைத் தொலைநிலையில் தருவதாக விளம்பரம் செய்பவரிடம் பணம் கட்டக் கூடாது. அவற்றுக்கு அனுமதி கிடையாது. பிற படிப்புகளில் சேருமுன், அந்நிறுவனத்துக்கு அந்தக் கல்வியாண்டில், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி உள்ளதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் வாசகர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்கை முகவரின் வாய்ச்சொல் அதற்கு ஈடாகாது.