முதலில் தரை, அப்புறம் டயர், கடைசியில்தான் கார்

"எந்தத் தரையில ஓட்டப் போற?"

ராலிக்குக் கார் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு என் கடைக்கு வருகிற தம்பிகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலோர் முழிப்பார்கள். எந்த எஞ்சினை மாற்றிப் போடலாம், எக்சாஸ்ட் என்ன சத்தம் கொடுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தரையைப் பற்றி மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள்.

மலேசியாவின் தாசேக் கெலுகோரில் டயர் கடை நடத்துகிறேன். செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி, வயலுக்குப் போகிற பிக்கப், பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் மைவி கார் என்று எல்லாம் வரும். அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். நான் ரப்பரை வட்டமாக விற்கிறேன். ராலி எனக்கு வியாபாரம் இல்லை, பைத்தியம். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

ராலி என்பது சிப்பாங் பந்தயத் தடத்தில் நடப்பதுபோல எல்லாக் காரும் ஒன்றாகக் கிளம்பி முட்டி மோதுகிற பந்தயம் இல்லை. ஒவ்வொரு காராக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். வேறு வண்டிகள் வராதபடி மூடிய பாதையில் யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார் என்பதுதான் கணக்கு. அப்படிப்பட்ட ஒவ்வொரு பாதையையும் ஸ்டேஜ் என்பார்கள். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சாதாரண சாலையில், சாதாரண வேகத்தில், ரோட்டெக்ஸ் கட்டிய காராகத்தான் போக வேண்டும். பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து அடுத்து வரும் வளைவு என்ன என்று குறிப்பைப் படித்துச் சொல்லிக்கொண்டே வருவார். நம் நாட்டின் கரம்ஜித் சிங் 2002-இல் புரொடக்‌ஷன் கார் பிரிவில் உலக சாம்பியன் ஆனபோது அவர் பக்கத்தில் குறிப்பு படித்தவர் ஆலன் ஓ. அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் கரம்ஜித். பாதிப் புகழ் ஆலனுக்கு என்பது என் கட்சி.

அந்த வெற்றிதான் நம் பையன்களைக் கெடுத்தும் வைத்திருக்கிறது. கரம்ஜித் ஓட்டிய காருக்குப் பெயர் புரோட்டோன் பெர்ட். உள்ளே இருந்தது மிட்சுபிஷி லான்சர் எவலூஷன்: டர்போ எஞ்சின், நான்கு சக்கர இழுவை. புரோட்டோன் வீராவும் பழைய லான்சரும் ஒரே குடும்பம் என்பதால், ஹாஃப்-கட் கடையில் ஒரு எவோவின் முன்பாதியை வாங்கி வீராவுக்குள் இறக்கிவிட்டால் நாமும் கரம்ஜித் ஆகலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். எஞ்சின் மாற்றுவதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வேண்டும், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். கடைசியில் கார் பொமென் (மெக்கானிக்) பட்டறையிலேயே வருடக்கணக்கில் நிற்கும். ஒரு ராலியும் ஓடியிருக்காது.

தரைக்கு வருகிறேன். ஆசிய பசிபிக் சுற்றில் மலேசிய ராலி ஜோகூரின் செம்பனைத் தோட்டப் பாதைகளில்தான் பல வருடம் ஓடியது. எங்கள் பக்கத்து மலாக்கோப், மேஃபீல்டு தோட்டப் பாதைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தரையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. காய்ந்திருந்தால் இறுகிய செம்மண்ணும் அதன்மேல் உருளும் பொடிக்கல்லும். அரை மணி நேரம் மழை பெய்தால் அதே பாதை எண்ணெய் தடவிய தோசைக்கல். மேலே ஒரு விரல் சேறு, அடியில் கெட்டித் தரை, இரண்டு பக்கமும் ஆழமான கால்வாய். சாலை டயரின் நெருக்கமான கோடுகளில் சேறு அப்பிக்கொண்டால் அது வழுவழு டயர்தான்.

ஆகவே மண்ணில் ஓட்டுவதென்றால் கட்டை கட்டையாக, இடைவெளி விட்டு அமைந்த பூ வேண்டும். கட்டை கடிக்கும், இடைவெளி சேற்றை வெளியே தள்ளும். அகலமும் வேண்டாம். அகல டயர் பொடிக்கல்லின் மேலேயே மிதக்கும். ஒடுக்கமான டயர்தான் அதை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையைப் போய்ப் பிடிக்கும். பதினேழு அங்குல ரிம்மில் ரப்பர் நாடா போல டயர் மாட்டி வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடும். 13 அல்லது 14 அங்குல இரும்பு ரிம், உயரமான பக்கச்சுவர், 175/70 போன்ற அளவு: ராலிக்கு அழகு அதுதான். இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். மலிவு அலாய் ரிம் விரிசல் விட்டால் அதோடு முடிந்தது.

அசல் ராலி டயர் கிடைக்குமா? நம் கமுண்டிங்கிலேயே செய்தார்கள். தைப்பிங் பக்கத்து சில்வர்ஸ்டோன் தொழிற்சாலையின் கட்டைப்பூ ராலி டயர்களை பிரிட்டனின் கிளப் ராலிக்காரர்கள்வரை வாங்கி ஓட்டினார்கள். 2010-இல் அந்த நிறுவனம் ஜப்பானின் டோயோ கைக்குப் போனது. இன்னொரு பெயர் நமக்கு நெருக்கமானது. சென்னை திருவொற்றியூரில் 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் நிறுவனத்தின் டயரில்தான் இந்தியாவின் கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆண்டுகளில் ஆசிய பசிபிக் பட்டம் வென்றார். 2022-இல் ஸ்பெயின்காரர் எஃப்ரென் யாரெனா அதே டயரில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். பலூன்காரர்கள் மிஷெலின், பிரெல்லி ஊருக்கே போய் ஜெயித்த கதையை நான் கடையில் யாருக்காவது சொல்லாத வாரம் இல்லை.

சர்வதேச ராலி டயர் ஆரம்பக்காரருக்கு விலை அதிகம். அங்கேதான் செலுப் டயர் ஆசை வரும். பழைய டயரின் மேல் புதுக் கட்டைப்பூ ஒட்டியது, விலை பாதிகூட இல்லை. நல்ல பட்டறையில் ஒட்டியதென்றால் குறைந்த வேக மண் பயிற்சிக்கு நான் தடை சொல்லமாட்டேன். அதே டயரில் நெடுஞ்சாலையில் ஈப்போவரை போய் வருவேன் என்றால் விற்கவே மாட்டேன். நம் வெயிலில் தார்ச் சாலைச் சூடு ஒட்டைப் பிரித்துவிடும். வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுப் பனிக்கால டயர் கேட்கிறவர்களும் உண்டு. குளிர் ஊரில் அது ஏழைக்கேற்ற மண் டயர். இங்கே அந்த மென்மையான ரப்பர் சீக்கிரம் தேய்ந்து போகும்.

டயர் எதுவானாலும் பக்கச்சுவரைப் படியுங்கள். டிஓடி என்ற எழுத்துகள் உள்ள வரிசையின் கடைசி நான்கு எண்கள் பிறந்த தேதி. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பூ புதிதாக இருந்தும் பழைய டயர் இறுகிப்போயிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறு கம்பெனி என்று போட்டால் வளைவில் காரின் குணம் பாதியில் மாறும். முன்சக்கர இழுவைக் காரில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன் டயர்களுக்குத்தான். அவை பின் டயரைவிட வேகமாகத் தேயும் என்று பட்ஜெட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

காற்று விஷயத்தில் ஒரு மூடநம்பிக்கை. மண்ணில் காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். மணலில் மெதுவாக ஊர்கிற ஃபோர்வீல் வண்டிக்கு அது சரி. கல்லில் வேகமாகப் போகும் சின்னக் காரில் காற்றுக் குறைந்தால், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கி இரண்டு வெட்டு விழும். உற்பத்தியாளர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற அளவிலிருந்து தொடங்குங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். 10 டிகிரி சூடு ஏறினால் சுமார் 10 கேபிஏ கூடும்.

இப்போது கார். எங்கள் வட்டாரத்தில் எனக்குப் பிடித்த பதில் இரண்டே: மேனுவல் கியர் வீரா 1.5, அல்லது முதல் தலைமுறை மைவி 1.3 மேனுவல். வீரா 1993-இல் வந்தது. புக்கிட் மெர்தாஜாம், கூலிம் பழைய பாகக் கடைகளில் அதன் கதவு முதல் கண்ணாடி வரை கிடைக்கும், எந்த கம்போங் பொமெனும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். ராலியில் மலிவுக் கார் என்றால் வாங்கும் விலை இல்லை. உடைந்த மறுநாள் பாகம் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்பதுதான். மைவி 2005-இல் வந்தது. இலகுவானது, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். அதன் ஜப்பானிய உடன்பிறப்பான டைஹாட்சு பூனுக்கு 936 சிசி டர்போவோடு ராலிக்கென்றே ஒரு வகை இருந்தது என்பதை மைவியைக் கேலி செய்கிறவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

பழைய ஈஸ்வராவும் பரவாயில்லை, துரு மட்டும் பார்க்க வேண்டும். கஞ்சில் குட்டி, வேடிக்கை, ஆனால் 12 அங்குல அளவில் ஒழுங்கான மண் டயர் தேடி அலைவீர்கள். சத்ரியா ஜிடிஐ நல்ல கார்தான். சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள், கால்வாயில் இறக்க மனம் வராது.

வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கெரானில் (காரின் உரிமைப் பத்திரத்தில்) இருக்கும் சேசிஸ் எண்ணும் காரில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வெட்டி ஒட்டிய கார் நம் நாட்டில் புதுமை இல்லை. பிறகு போனட்டைத் திறந்து, முன் அப்சார்பர் மேல்முனை பொருந்தும் இடத்தில் துரு, விரிசல், மறுபடி பற்றவைத்த தடம் உண்டா என்று டார்ச் அடியுங்கள். ராலியில் அடி எல்லாம் வந்து சேர்கிற இடம் அது. வீரா என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு, பதில் எதுவானாலும் மாற்றிவிடுங்கள்.

கையில் மிச்சமிருக்கும் பணம் எங்கே போக வேண்டும்? ஹெல்மெட், நல்ல இருக்கை, பெல்ட். அப்புறம் டயர், கூடுதலாக இரண்டு. அப்புறம் பிரேக் பேட், புது பிரேக் எண்ணெய். பழைய எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி, சூட்டில் கொதித்து, பெடல் உள்ளே போய்விடும். அப்புறம் எஞ்சினுக்கு அடியில் சம்ப் கார்டு. ஸ்டேஜ் ராலிக்கு ரோல் கேஜ் என்ற இரும்புக் கூண்டும் போட்டி உரிமமும் வேண்டும். விதியை மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்திடம் கேட்டுவிட்டு வெல்டரிடம் போங்கள். எஞ்சினுக்கு முதல் வருடம் ஒரு காசும் வேண்டாம்.

உண்மையில் முதல் வருடம் ஸ்டேஜ் ராலியே வேண்டாம். கார் நிறுத்துமிடத்தில் கூம்பு வைத்து நடத்தும் ஜிம்கானா இருக்கிறது. குடும்பத்தோடு போகிற டிரெஷர் ஹண்ட் இருக்கிறது. வரைபடம், நேரம், சண்டை போடாமல் வழி சொல்வது எல்லாம் அதில் பழகும். காப்புறுதிப் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்: போட்டி, ராலி, வேகச் சோதனை, அவற்றுக்கான பயிற்சி எதற்கும் பணம் தரமாட்டோம் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். பல பாலிசிகளில் டிரெஷர் ஹண்டுக்கு மட்டும் அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு.

ஒன்றைக் கோபமாகவே சொல்கிறேன். தோட்டப் பாதை உங்கள் பயிற்சித் தளம் இல்லை. அது தனியார் நிலம். விடியற்காலையில் குலை வெட்டப் போகிற தொழிலாளியும், மோட்டார் சைக்கிளில் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோகிற அம்மாவும் அந்த வளைவில்தான் வருகிறார்கள். பொதுச் சாலையில் அனுமதியில்லாப் பந்தயத்தை 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடை செய்கிறது. அப்படி ஓட்டிவிட்டு டயர் மாற்ற வருகிறவர்களுக்கு என் கடையில் டயர் கிடையாது.

காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு போட்டிக்கு மார்ஷலாகப் பெயர் கொடுங்கள், தம்பிகளே, தங்கச்சிகளே. பாதையோரம் பாதுகாப்பான இடத்தில் நின்று ஒரு நாள் பார்த்தால், எந்தக் கார் முடிக்கிறது, எந்த டயர் கிழிகிறது என்று நான் சொன்னதைவிடத் தெளிவாகத் தெரியும். அதற்குக் காரும் வேண்டாம், டயரும் வேண்டாம். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோங்கள்.