பார்க்காத தீயும் பார்த்த தாயும்

பத்திரிகை கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? படத்தைத்தானே?

இதை நன்கு அறிந்திருந்தவர் ஹெர்பேர்ட் இங்ரம். இங்கிலாந்தின் நொட்டிங்ஹம் நகரில் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்தவர். படம் வந்தால் பத்திரிகை கூடுதலாக விலைபோவதைக் கண்டார். 1842 மே 14 இல் லண்டனில் 'இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 16 பக்கங்கள், 32 படங்கள், விலை 6 பென்ஸ்.

புகைப்படத்தைப் பத்திரிகையில் அச்சிடும் வசதி அன்று இருக்கவில்லை. மரக்கட்டையில் படத்தைச் செதுக்கி அச்சிட்டார்கள். பெரிய படமென்றால் சிறு கட்டைகள் பலவற்றை ஒன்றாகப் பிணைத்து, ஆளுக்கொரு கட்டையாகச் செதுக்கினார்கள்.

முதல் இதழிலே ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம் பற்றி எரியும் படம் வந்தது. ஆனால், அந்தத் தீயை ஓவியர் பார்க்கவே இல்லை! பிரித்தானிய நூதனசாலையிலிருந்த பழைய ஹம்பேர்க் படமொன்றைப் பார்த்து வரைந்து, தீயையும் புகையையும் சேர்த்துவிட்டார்கள். தீவிபத்து உண்மை, படம் கற்பனை.

ஐந்து வருடங்கள் சென்றன. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து, மக்கள் பசியால் மடிந்தார்கள். 1847 இல் இதே பத்திரிகை, அயர்லாந்தின் கோர்க் நகர ஓவியர் ஜேம்ஸ் மஹோனியை அங்குள்ள கிராமங்களுக்கு அனுப்பியது. குளோனகில்டி என்ற ஊரில் ஒரு தாய், இறந்த குழந்தையைக் கையிலேந்தி, பிரயாணிகளிடம் இரந்து நின்றாள். உணவுக்காக அல்ல, பிள்ளையை அடக்கஞ்செய்ய ஒரு பெட்டி வாங்குவதற்காக! மஹோனி அவளை வரைந்தார்.

1849 டிசம்பரில் பிரிஜெட் ஓடொனெல் என்ற பெண்ணின் படம் வந்தது. குத்தகைப் பாக்கிக்காகக் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவள். அப்போது காய்ச்சலில் கிடந்த கர்ப்பிணி. குழந்தை இறந்தே பிறந்தது. 13 வயது மகனையும் பசி கொண்டுபோயிற்று. இதையெல்லாம் அவளுடைய வாய்மொழியாகவே பத்திரிகை வெளியிட்டது. ஏழைப் பெண்ணின் துயரம் லண்டன் செல்வந்தரின் வீட்டுக்குள் நுழைந்தது.

ஒரே பத்திரிகை, ஒரே மரக்கட்டை. ஒன்று பார்க்காமல் வரைந்தது. மற்றது நேரில் போய்ப் பார்த்து வரைந்தது.

இன்று கைத்தொலைபேசியில் நிமிடத்துக்கொரு படம் வருகிறது. பார்த்ததும் பதறுகிறோம், அடுத்த வீட்டுக்கும் அனுப்பிவிடுகிறோம். சகோதரியே! அனுப்புமுன் ஒரு கணம் கேளுங்கள்: இதை நேரில் பார்த்தவர் யார்? உங்கள் பிள்ளைக்கும் இக்கேள்வியைப் பழக்குங்கள். பொய்ப் படங்களால் மனம் மரத்துப்போனால், உண்மையாகவே கையேந்தி நிற்கும் தாயை நம்புவதற்கு யாருமே இருக்கமாட்டார்கள்.