டாக்டர் வாலாட்டி!

ஊசி போடாது, ஃபீஸ் கேட்காது. உயரம் 7 அங்குலம், எடை 2 கிலோகூட இல்லை. பெயர் ஸ்மோக்கி!

1944. உலக யுத்தம். நியூகினி காட்டுப் பதுங்குகுழியில் கிடைத்த இந்தப் பொடிசு நாயை, பில் வின் என்ற அமெரிக்கப் படைவீரர் 2 ஆஸ்திரேலிய பவுண்டுக்கு வாங்கினார். அவர் காய்ச்சலில் படுக்க, நண்பர்கள் ஸ்மோக்கியை ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்தார்கள். நர்ஸுகள் விடுவார்களா? காயம்பட்டவர்களிடம் கட்டில் கட்டிலாக அதையும் ரவுண்ட்ஸ் கூட்டிப் போனார்கள்!

இன்று பல நாடுகளில் வீட்டு நாய்கள் எஜமானரோடு இப்படிப் போகின்றன. அதற்கு டெஸ்ட் உண்டு. சக்கர நாற்காலி உரசினாலும், தட்டு 'டமார்'னு விழுந்தாலும் மிரளக் கூடாது. (நலம் விசாரிக்க வரும் நம்ம சொந்தக்காரர்களுக்கும் ஒரு டெஸ்ட் வைக்கலாம்!)

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு விதி. நாய் திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பினால் 'போதும்டா சாமி'ன்னு அர்த்தம். இன்னும் நாலு கட்டில் பாக்கி இருந்தாலும், வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.