தொடங்க மறுக்கும் கணிப்பொறி: லினக்சு உட்கரு மாற்றமும் பழுது நீக்கமும்

முன்னுரை

கணிப்பொறியைக் கையாள்வோர் பலர்; அதன் உள்ளியக்கத்தை அறிந்தோர் சிலர். பொறி இயல்பாக இயங்கும் காலத்தில் இவ்விரு சாரார்க்கும் இடையே வேற்றுமை தோன்றுவதில்லை. பொத்தானை அழுத்தியதும் கருந்திரையில் வெள்ளெழுத்துகள் சில ஓடி, அப்படியே உறைந்து நின்றுவிடும் நாளில்தான் அவ்வேற்றுமை புலனாகின்றது. அறியாதார் அஞ்சுகின்றனர், 'ஃபார்மட் செய்துவிடலாம்' என்று எவரேனும் கூறினால் உடனே இசைகின்றனர். அதன் விளைவாக ஆய்வேடும் மதிப்பெண் பட்டியலும் பல மாத உழைப்பில் தட்டெழுதிய பாடக் குறிப்புகளும் ஒருங்கே அழிந்துபடுகின்றன. உண்மையில், உட்கரு மாற்றத்தால் தொடங்க மறுக்கும் கணிப்பொறியில் அக்கோப்புகள் பெரும்பாலும் ஊறின்றியே இருக்கின்றன. பழுது அவற்றை அழிப்பதில்லை; பழுதுக்கு அஞ்சி நாம் செய்யும் செயலே அழிக்கின்றது. இவ்வுண்மையை, மெய்நிகராக்கத்திற்கெனத் தனியே ஆக்கிய லினக்சு உட்கருவை நிறுவியபின் நேரும் இடர்களைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லினக்சும் மெய்நிகராக்கமும்

வன்பொருளுக்கும் நாம் இயக்கும் செயலிகளுக்கும் இடையே நின்று, நினைவகத்தையும் வன்தட்டையும் பங்கிட்டளிக்கும் அடிப்படை நிரலே கெர்னல் எனப்படும் உட்கரு. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்சு உட்கருவின் மூலநிரலை எவரும் படிக்கலாம். திருத்தித் தமக்கேற்ப ஆக்கியும் கொள்ளலாம். தமிழகத்திற்கும் இது புதியதன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் அடிப்படையில் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாசும் இடம்பெற்றது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் உழைப்பாளர் இல்லங்களுக்கு லினக்சு அறிமுகமாக அதுவும் ஒரு வழியாயிற்று.

ஒரே கணிப்பொறியைப் பல கணிப்பொறிகள் போல் இயங்கச் செய்வதே மெய்நிகராக்கம். வசதி குறைந்த கல்லூரிக்கு இஃது அரிய துணை. ஒரு வலிய பொறி இருப்பின், மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு மெய்நிகர்ப் பொறி அளிக்கலாம்; ஒருவர் செய்யும் தவறு அடுத்தவரைத் தாக்காது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003இல் வெளிவந்த 'ஜென்' இத்துறையில் புகழ்பெற்றது. அதற்கெனத் திருத்திய உட்கரு நெடுங்காலம் தேவைப்பட்டது. 2011இல் வெளிவந்த லினக்சு 3.0 பதிப்பிலேயே ஜென்னின் முதன்மைப் பொறியாக இயங்கும் அடிப்படை ஆற்றல் பொது உட்கருவில் சேர்ந்தது. 'கே.வி.எம்.' என்னும் மற்றொரு முறையோ 2007இல் வந்த 2.6.20 பதிப்பிலேயே இணைந்துவிட்டது. ஆதலின், தனி உட்கரு உண்மையிலேயே தேவைதானா என்று ஆராய்வதே முதற் கடமை. கற்கவும் ஆராயவும் விரும்புவோர் இன்றும் தாமே உட்கருவை ஆக்குகின்றனர். இடர்களும் அவர்க்கே நேர்கின்றன.

தொடக்கத்தின் படிநிலைகள்

மின்விசை பாய்ந்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உறையும் பயாஸ் அல்லது யூ.இ.எஃப்.ஐ. நிரல். அது 'கிரப்' என்னும் ஏற்றியை அழைக்கின்றது. கிரப், உட்கருவையும் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் சிறு கோப்புத் தொகுதியையும் நினைவகத்தில் ஏற்றுகின்றது. பின்னர் வன்தட்டிலுள்ள மூலக் கோப்பு முறைமை இணைக்கப்பட்டு, ஏனைய பணிகள் தொடங்குகின்றன.

இவற்றுள் பலர்க்கும் விளங்காதது அச்சிறு தொகுதியின் பணியே. அதனை நம் கடற்கரை வரலாறு கொண்டு விளக்கலாம். சென்னையில் செயற்கைத் துறைமுகம் அமையுமுன் பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாமல் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே அலையைக் கடந்து மக்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. படகு வாராவிடின், கரை கண்ணுக்குத் தெரிந்தும் கப்பலில் வந்தவர் இறங்க வழியில்லை. உட்கரு அக்கப்பல், வன்தட்டு கரை, இனிட்ராம்எஃப்எஸ் படகு. வன்தட்டை அடைவதற்குரிய இயக்கி நிரல்கள் அப்படகில்தான் வருகின்றன.

பழுதுகளும் காரணங்களும்

புதிய உட்கரு தொடங்கும்போது மிகுதியாகக் காணப்படும் செய்தி 'கெர்னல் பேனிக்' என்பதாகும். 'அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்' என்ற தொடர் அதனுடன் வருமாயின், மூலக் கோப்பு முறைமையை இணைக்க இயலவில்லை என்பது பொருள். அத்தொடரின் இறுதியில் அடைப்புக்குள் இரு எண்கள் இருக்கும். இரண்டும் சுழியமாயின், உட்கரு வன்தட்டையே காணவில்லை எனக் கொள்ளலாம். இனிட்ராம்எஃப்எஸ் ஏற்றப்படாமையோ, வன்தட்டின் இயக்கி விடுபட்டமையோ காரணமாகலாம். வேறு எண்கள் இருப்பின், வன்தட்டு கிடைத்தும் அதன் கோப்பு முறைமையை உட்கருவால் படிக்க இயலவில்லை என்று கருதலாம்.

சில வேளைகளில் பேனிக் நேராமல், குறிப்பிட்ட வன்தட்டுப் பகுதி இல்லை என்றறிவித்து, இனிட்ராம்எஃப்எஸ் என்ற பெயருடன் கட்டளைக் குறி தோன்றும். படகு வந்துவிட்டது, ஆனால் கரையின் முகவரி தவறு, அல்லது செல்லும் துடுப்பு இல்லை என்பது இதன் கருத்து. பூட் பகுதியில் இடம் நிரம்பியதால் தொகுதி அரைகுறையாக எழுதப்படுவதும் உண்டு. தாமே ஆக்கிய உட்கருவின் கூறுகளில் பிழைதேடும் குறிப்புகள் நீக்கப்படாவிடின், தொகுதி பன்மடங்கு பருத்துவிடும்.

ஜென் முறையில் கிரப் முதலில் ஜென்னையும், அடுத்து உட்கருவையும், மூன்றாவதாக இனிட்ராம்எஃப்எஸ் தொகுதியையும் ஏற்ற வேண்டும். மூன்றாம் வரி விடுபட்டால் முற்கூறிய பேனிக் தோன்றலாம். செக்யூர் பூட் நடைமுறையிலுள்ள பொறியோ, கையொப்பமில்லாத உட்கருவை ஏற்கவே மறுக்கும். இவற்றுக்கு மாறாக, பொறி நன்கு தொடங்கியும் மெய்நிகர்ப் பொறிகள் மட்டும் கே.வி.எம். வழியே இயங்காவிடின், செயலியின் மெய்நிகராக்க வசதி பயாஸ் அமைப்பில் அணைக்கப்பட்டுள்ளதா என நோக்குக.

தீர்க்கும் முறை

முதலாவதாக, எதனையும் அழிக்கற்க. புதிய உட்கருவை நிறுவுவதால் பழையது தானே நீங்கிவிடுவதில்லை. தொடக்கத்தில் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி, கிரப் பட்டியலில் பழைய உட்கருவைத் தேர்ந்தால் பொறி பெரும்பாலும் முன்போலவே எழுந்துவிடும். கோப்புகளுக்கு உடனே படியெடுத்துக்கொள்க.

இரண்டாவதாக, செய்தியைப் படிக்க. கிரப் பட்டியலில் 'இ' எழுத்தை அழுத்தி, உட்கருவின் வரியிலுள்ள 'கொயட்' என்னும் சொல்லை நீக்கினால், மறைந்திருந்த செய்திகள் வெளிப்படும். இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்திற்கு மட்டுமே உரியது, ஆதலின் அச்சமில்லை.

மூன்றாவதாக, பழைய உட்கருவின் அமைப்புக் கோப்பையே புதியதற்கு அடித்தளமாகக் கொள்க. இயக்கிக் கூறுகளை நிறுவிய பின்னரே இனிட்ராம்எஃப்எஸ் தொகுதியை ஆக்குக. அதன்பின் கிரப் பட்டியலைப் புதுப்பிக்க. இவ்வரிசை பிறழ்வதே பல இடர்களுக்கு வித்தாகின்றது. ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்க. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது விளங்காது.

தொலைவிலுள்ள பொறியாயின், புதிய உட்கருவை ஒரே ஒரு தொடக்கத்திற்கு மட்டும் தேர்ந்து, பேனிக் நேர்ந்தால் பத்து நொடியில் தானே மறுபடி தொடங்குமாறு அமைக்கலாம். அது தவறினால், பழைய உட்கரு தானே எழும். பழையதும் எழாவிடின், யூ.எஸ்.பி. துண்டிலுள்ள லினக்சைக் கொண்டு பொறியை இயக்கி, வன்தட்டைத் திறந்து கோப்புகளை மீட்கலாம். இவை யாவும் பயனற்றபின் நினைக்கத்தக்கதே ஃபார்மட்.

முடிவுரை

பழுதுற்ற பொறி ஊமையன்று. எவ்விடத்தில் நின்றோம் என்பதை அது தன் திரையில் பெரும்பாலும் எழுதியே நிற்கின்றது. அவ்வரியைப் படித்துப் பொருள் காண்பவர், தம் உழைப்பை மட்டுமன்றிப் பிறர் உழைப்பையும் காப்பவராவார். ஒரே கணிப்பொறியைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் இல்லங்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில் இது சிறு தொண்டன்று. மாணவச் செல்வங்கள் அஞ்சாது ஆராய்க. ஆராயுமுன் படியெடுத்து வைக்க. பழைய உட்கருவை நீக்காது காக்க.