வேர்களைக் காட்டும் ஏடுகள்

நதிமூலம், ரிஷிமூலம் ஆராயலாகாது என்பர் பெரியோர். ஆயினும் தன் மூலத்தை அறிய விழைவது மனித இயல்பு. கடல் கடந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களிடம் இவ்வேட்கை மிகுதி. அமெரிக்காவில் வாழும் நார்வே வழியினர் தம் பாட்டன் உழுத பண்ணையைத் தேடுகின்றனர். தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் பாட்டன் விட்டுப்போன ஊரைத் தேடுகின்றனர். இத்தேடலுக்குத் துணைபுரியும் ஏடுகள் யாவை, அவை யாரைப் பதிந்தன, யாரை விட்டுவிட்டன என்பதை இங்குச் சிறிது காண்போம்.

1825இல் 'ரெஸ்டாரேஷன்' என்னும் சிறு கப்பலில் 52 பேர் நார்வேயிலிருந்து அமெரிக்கா புறப்பட்டனர். அடுத்த நூறாண்டுகளில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வழியே சென்றனர். அக்காலத்தில் அந்நாட்டு மக்கள் பெரும்பாலோர்க்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. ஓலேயின் மகன் ஓல்சன். அதனோடு அவன் வாழ்ந்த பண்ணையின் பெயரும் சேரும். பண்ணை மாறினால் பெயரும் மாறும். 1923ஆம் ஆண்டுச் சட்டமே குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகத் தாங்கும் நமக்கு இது புதிதன்று. நம் பாட்டன் பெயரும் ஒரு தலைமுறையில் தலைப்பெழுத்திலிருந்து உதிர்ந்துவிடுகிறது அன்றோ?

பெயர் மாறியும் அவர்களால் முன்னோரைக் கண்டறிய முடிவது எங்ஙனம்? திருச்சபை ஏடுகளால்தான். அங்குக் குருவானவர் அரசு ஊழியராகவும் இருந்தார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், ஊரைவிட்டு வெளியேறுதல் ஆகிய யாவற்றையும் அவர் எழுதி வைத்தார். பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே ஏட்டில் இடம் பெற்றனர்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இத்தகைய ஏடுகள் உண்டு. எலத்தகிரி போன்ற ஊர்களில் கத்தோலிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். ஞானஸ்நான ஏட்டில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், குருவின் பெயர் ஆகியன இருக்கும். பிற்காலத்தில் அக்குழந்தைக்குத் திருமணமானால் அதே பதிவின் ஓரத்தில் அதையும் குறிப்பர். ஒரு பக்கத்தைப் படித்தால் ஒரு வாழ்க்கையே தெரியும். தேடுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். தருமபுரி மறைமாவட்டம் 1997இல்தான் தோன்றியது. அதற்கு முன் இப்பகுதி சேலம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

இனிக் கப்பல் ஏடுகளைப் பார்ப்போம். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை 1,52,184 இந்தியர் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனருகே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள தழும்பு முதலியன எழுதப்பட்டன. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி 'மூன்சாமி' ஆனார்; நாயுடு 'நாய்டூ' ஆனார். வாய்விட்டுப் படித்தால்தான் ஊரும் பேரும் விளங்கும். 'சேலம் ஜில்லா' என்று கண்டதும் சேலத்துக்கு ஓடிவிடலாகாது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும் வரை நம் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்தச் சேலத்துக்குள்ளேதான் இருந்தன; 2004இல்தான் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது.

இங்கே ஒரு விந்தையை எண்ணிப் பாருங்கள். கப்பலேறிய அண்ணனின் கன்னத்துத் தழும்புகூட ஏட்டில் இருக்கிறது. ஊரிலேயே தங்கிக் கூலி வேலை செய்து மாண்ட தம்பிக்கு ஒரு வரிகூட இல்லை! காரணம் எளிது. தேவைப்பட்டவனே எழுதப்பட்டான். ஆன்மாவைக் காக்கத் திருச்சபை எழுதியது. உழைப்பைக் கணக்கிடத் தோட்டத்துரை எழுதினான். தீர்வை வசூலிக்க அரசு எழுதியது. நிலமற்றவன் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பாட்டனாருக்குத் தந்தை யார் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பாட்டியின் நினைவே எங்கள் ஏடு.

ஆகவே தேடலை வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். முதியோரிடம் பெயர்களையும், மருமகள்களாய் வந்தவர்களின் பிறந்த ஊர்களையும் கேட்டு எழுதுக. 1876-78இல் நேர்ந்த தாது வருஷப் பஞ்சம் போன்ற நிகழ்ச்சிக்கு முன்னா, பின்னா என்று வினவினால் காலம் ஓரளவு புலப்படும். குலதெய்வக் கோயில் எங்குள்ளது என்று கேட்பது மிக முக்கியம். குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது பெரும்பாலும் நல்ல துப்பாக அமையும். பின்னர் பழைய பட்டா, பிறப்பு இறப்புப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிடுக. வாய்மொழியை மட்டும் நம்பி முடிவு கட்டுதல் அறிவியல் மாணவர்க்கு அழகன்று.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஓசூரும் குடியேறிகளின் ஊராயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலித்த தெருக்களில் இன்று ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. ஆலையின் வருகைப் பதிவேட்டில் இன்று ஒரு வரியாக இருப்பவரை நாளை அவர் பேரன் தேடி வரக்கூடும்.

மாணவத் தோழர்களே! நம் முன்னோருக்கு எழுதத் தெரியாது, நமக்குத் தெரியும். இவ்விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டு முதியோர் அருகில் அமருங்கள். அவர்கள் கண் மூடிவிட்டால் அந்த ஏட்டுக்கு நகல் கிடையாது.