'இல்' ஒன்று, ஆங்கிலத்தில் மூன்று

தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டும். ஆங்கிலத்தின் முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னே தனித்து நிற்கும். நம் மாணவர் இடறுவது இங்கேதான்.

புதுவையில், கடற்கரையில், பேருந்து நிலையத்தில் என மூன்றுக்கும் நமக்கு ஏழாம் வேற்றுமை 'இல்' ஒன்றே போதும். ஆங்கிலமோ எல்லைக்குள் இருப்பதற்கு 'இன்', பரப்பின்மேல் இருப்பதற்கு 'ஆன்', ஒரு புள்ளியாகக் கருதும் இடத்திற்கு 'அட்' என்று பிரிக்கும். 1954 வரை இங்கு ஆண்டவர்களின் பிரெஞ்சும் துணைவராது. 'புதுவையில்', 'புதுவைக்கு' இரண்டிற்கும் அதில் 'ஆ' ஒன்றே.

நேர்முகத் தேர்வுக்கு 'ஆன் டைம்' வருவதென்றால் குறித்த வேளைக்கு வருவது. 'இன் டைம்' என்றால் காலம் கடக்குமுன் வருவது. 'டிஸ்கஸ்' என்பதிலேயே 'பற்றி' அடங்கியிருப்பதால், அதன்பின் 'அபௌட்' வேண்டா.

நான் கண்ட வழி எளியது: உருபை மொழிபெயர்க்காமல், முழுத் தொடரையே மனத்தில் பதியுங்கள், நண்பர்களே!